ஒரு தீவும் மூன்று புயல்களும்

பரந்த நிலப்பரப்புடைய நாடொன்றில் புயல் வீசினால், அந்நாட்டின் ஒரு மூலை துன்புறும். மற்றைய மூலைகள் அதற்குக் கைகொடுக்கும். அழிந்த ஊருக்கு அழியாத ஊரிலிருந்து அரிசி வரும். இருளில் மூழ்கிய நகருக்கு விளக்கெரியும் நகரிலிருந்து பணியாளர் வருவர். சிறு தீவுக்கு இந்நிலை வாய்ப்பதில்லை. அங்கே புயல் வீசும்போது நாடு முழுவதுமே புயலுக்குள் இருக்கிறது. நோயாளியின் வீட்டுக் கூரையும் மருத்துவரின் வீட்டுக் கூரையும் ஒரே இரவில் பறக்கின்றன. காவலரும் அமைச்சரும் தீயணைப்போரும் அவ்விரவில் அடைக்கலம் தேடுவோரே ஆவர். உதவி செய்ய வேண்டியவரும் உதவி பெற வேண்டியவரும் ஒருவரே ஆகிவிடும் இந்நிலைதான், சிறு தீவுகளின் பேரிடர் வரலாற்றைப் பெருநாடுகளின் வரலாற்றினின்றும் வேறுபடுத்துகிறது.

இவ்வுண்மையை விளங்கிக்கொள்ளக் கரிபியக் கடலில் உள்ள டொமினிக்கா என்னும் தீவின் அண்மைக்கால வரலாறு பெரிதும் துணை செய்யும். 38 ஆண்டுக் கால எல்லைக்குள் அத்தீவை மூன்று புயல்கள் நிலைகுலையச் செய்தன. 1979ஆம் ஆண்டில் வந்த டேவிட் காற்றால் அழித்தது. 2015ஆம் ஆண்டில் வந்த எரிக்கா மழையால் அழித்தது. 2017ஆம் ஆண்டில் வந்த மரியா இரண்டாலும் அழித்தது. ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் அம்மக்கள் ஒரு பாடம் கற்றனர். ஆயினும் அடுத்து வந்த புயல், கற்ற பாடத்தில் இல்லாத வினாவையே எழுப்பியது. அவ்வினாக்களுக்கு அவர்கள் விடை தேடிய வரலாறே இங்கு எடுத்துரைக்கப்படுகிறது.

தீவின் இயல்பு

டொமினிக்காவைப் பெயரொற்றுமை காரணமாக டொமினிக்கன் குடியரசு என்னும் நாட்டுடன் மயங்குவோர் பலர். அது வேறு; இது வேறு. டொமினிக்கா, வடக்கே குவாடலூப்புக்கும் தெற்கே மார்ட்டினிக்குக்கும் இடையே அமைந்த தீவு. அதன் பரப்பு ஏறத்தாழ 750 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைவிடச் சற்றே பெரியது எனலாம். ஆனால் சிங்கப்பூரைப் போல் சமநிலம் கொண்டதன்று. எரிமலைகளால் உருவான அத்தீவின் நடுவே மலைகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. மிக உயர்ந்த சிகரம் 1,447 மீட்டர் உயரமுடையது. மலையிலிருந்து எண்ணற்ற ஆறுகள் குறுகிய தொலைவில் விரைந்து இறங்கிக் கடலில் கலக்கின்றன. மக்கள் வாழத் தக்க சமநிலம் ஆற்று முகத்துவாரங்களிலும் மலைச்சரிவுகளிலும் சிறிதளவே உண்டு. தலைநகரான ரோசோவும் ஆறு கடலோடு சேரும் இடத்திலேயே அமைந்திருக்கிறது. ஊர்களை இணைக்கும் சாலைகள் ஒருபுறம் மலையும் மறுபுறம் கடலுமாகப் பல பாலங்களைக் கடந்து செல்கின்றன. ஒரு பாலம் இடிந்தால் ஓர் ஊர் தீவுக்குள் தீவாகிவிடும்.

இக்கடற்பகுதி தமிழருக்கு முற்றிலும் அயலானதன்று. பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட குவாடலூப், மார்ட்டினிக் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக 1850களிலிருந்து தமிழர் பலர் தொழிலாளராகக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே மாரியம்மனை வழிபடுகின்றனர். டொமினிக்காவிலோ மக்களுள் மிகப் பெரும்பாலோர், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழிவந்தவர்கள். தீவின் தொல்குடிகளாகிய கலினாகோ மக்களும் கிழக்குக் கரையில், 1903ஆம் ஆண்டில் தங்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலப்பகுதியில் வாழ்ந்து வருகின்றனர்.

கரிபியப் பெரும்புயலை ஐரோப்பிய மொழிகள் இன்று எந்தச் சொல்லால் குறிக்கின்றனவோ, அச்சொல்லே அப்பகுதித் தொல்குடிகளின் மொழியிலிருந்து பெறப்பட்டதாகும். கொலம்பஸ் வருவதற்கு முன்பே அம்மக்கள் புயலை நன்கறிந்திருந்தனர் என்பதற்கு அச்சொல்லே சான்று. ஆண்டுதோறும் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். ஆப்பிரிக்கக் கரையோரத்தில் தோன்றும் காற்றுச் சுழல்கள் வெதுவெதுப்பான அட்லாண்டிக் கடலின் மீது மேற்கு நோக்கி நகர்ந்து, கடலின் வெப்பத்தை உண்டு வலுப்பெறுகின்றன. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் அவற்றின் வேகம் உச்சத்தை அடைகிறது. அவை கடல் கடந்து வரும் வழியில் முதலில் எதிர்ப்படுவன இச்சிறு தீவுகளே.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து டொமினிக்காவின் வாழ்வு வாழையை நம்பியிருந்தது. பிரிட்டனுக்கு ஏற்றுமதியான வாழைக்காயைப் பச்சைத் தங்கம் என்றே மக்கள் வழங்கினர். சிறு உழவர்கள் மலைச்சரிவெங்கும் வாழை நட்டனர். நடுத்தரக் காற்றுக்கே சாய்ந்துவிடும் பயிர் அது. ஆனால் சாய்ந்த ஓராண்டுக்குள் மீண்டும் குலை தள்ளும் பயிரும் அதுவே. விரைவில் வீழ்ந்து விரைவில் எழும் அவ்வாழையைப் போன்றே அத்தீவின் பொருளாதாரமும் இருந்தது.

டேவிட்: காற்று கற்பித்த பாடம்

1978ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் டொமினிக்கா பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. புதிய நாட்டின் தொடக்கம் அமைதியாக இல்லை. 1979 மே மாத இறுதியில் தலைநகரில் பெருங்கிளர்ச்சி எழுந்தது, அரசு கவிழ்ந்தது, ஜூன் மாதத்தில் ஆலிவர் செராபின் தலைமையில் இடைக்கால அரசு ஒன்று பொறுப்பேற்றது. அவ்வரசு பதவியேற்று இரண்டு திங்கள் கழிந்த நிலையில், ஆகஸ்டு 29ஆம் நாள் டேவிட் வந்தது.

அத்தீவு 1930ஆம் ஆண்டுக்குப் பின் அத்தகைய கடும்புயலைக் கண்டதில்லை. அதனைக் கண்ணாரக் கண்டிருந்தோர் முதியோர் மட்டுமே. நடுவயதினருக்குப் புயல் என்பது பாட்டி சொன்ன கதையாக இருந்தது. மேலும், டேவிட் தெற்கே உள்ள பார்பேடோசைத் தாக்கும் என்றே முதலில் கணிக்கப்பட்டிருந்தது. கரையை அடைவதற்குச் சில மணி நேரத்துக்கு முன் அது திசை திரும்பித் தீவின் தென்பகுதியை நேராகத் தாக்கியது. மணிக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது.

பலகைச் சுவரும் துத்தநாகத் தகரக் கூரையும் கொண்ட வீடுகள் அக்காற்றின் முன் நிற்கவில்லை. மக்களுள் நால்வரில் மூவர் வீடிழந்தனர். அவர்களின் தொகை ஏறத்தாழ 60,000. உயிரிழந்தோர் தொகையைப் பதிவுகள் 37 முதல் 56 வரை வேறுவேறாகத் தருகின்றன. வாழைத் தோட்டங்கள் முற்றாகச் சாய்ந்தன. ரோசோவின் தாவரவியல் பூங்காவில் நின்ற மிகப் பெரிய ஆப்பிரிக்கப் பெருக்கமரம் ஒன்று, ஆளில்லாமல் நின்ற பள்ளிப் பேருந்தின் மேல் விழுந்து அதனை நசுக்கியது. அந்தப் பேருந்து அகற்றப்படாமல் நினைவுச் சின்னமாக விடப்பட்டது. வீழ்ந்த மரமும் மடியாமல் மீண்டும் துளிர்த்தது.

புயல் ஓய்ந்தபின் தீவு முழுவதும் ஊமையாயிற்று. தொலைபேசி இல்லை, வானொலி நிலையம் இல்லை, மின்சாரம் இல்லை. தங்கள் நாடு அழிந்துவிட்டது என்பதை உலகுக்குச் சொல்லவும் அரசுக்கு வழியில்லாமற் போயிற்று. பொழுதுபோக்காக வானொலி அலைகளில் பேசிப் பழகிய தன்னார்வலரின் சிறு கருவியே அந்நாட்களில் வெளியுலகோடு இணைப்பாக அமைந்தது. பேரிடர் வரலாற்றில் இச்செய்தி சிந்திக்கத் தக்கது. பெரும் பொருட்செலவில் அமைத்த நிலையங்கள் வீழ்ந்தபோது, ஒரு கம்பியும் ஒரு மின்கலமும் கொண்டு இயங்கும் எளிய கருவி நிலைத்து நின்றது.

பிரிட்டிஷ் கடற்படையின் பைஃப் என்னும் போர்க்கப்பல் உதவிக்கு ரோசோ வந்தடைந்தது. அதன் மாலுமிகள் மருத்துவமனையைச் செப்பனிட்டனர். விமான ஓடுதளத்தைச் சீராக்கினர். குடிநீரும் மின்சாரமும் மீண்டும் கிடைக்க உழைத்தனர். சாலை துண்டிக்கப்பட்ட ஊர்களுக்குக் கப்பலின் ஹெலிகாப்டர் மருந்தும் உணவும் நீரும் கொண்டு சென்றது. அக்கப்பலே சில நாட்கள் வானொலி நிலையமாகவும் இயங்கி மக்களுக்குச் செய்திகளை ஒலிபரப்பியது. பசித்தவனுக்குச் சோறு எவ்வளவு இன்றியமையாததோ, வீடிழந்தவனுக்குச் செய்தியும் அவ்வளவு இன்றியமையாதது என்பதைக் கப்பலில் இருந்தோர் உணர்ந்திருந்தனர்.

இரு நாட்களுக்குப் பின் அதே டேவிட் டொமினிக்கன் குடியரசைத் தாக்கி 2,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. உலகின் பார்வை இயல்பாகவே பெரிய அழிவின் பக்கம் திரும்பியது. சிறிய தீவின் துன்பத்துக்குச் செய்தித்தாளில் இடம் சில நாட்களே. 1980 ஆகஸ்டு மாதத்தில் ஆலன் என்னும் புயல், மீண்டும் நட்டு வளர்த்த வாழையையும் சேதப்படுத்தியது. அதற்கு முந்தைய மாதம் நடந்த தேர்தலில் யுஜினியா சார்ல்ஸ் அம்மையார் வென்று, கரிபிய நாடுகளின் முதல் பெண் பிரதமர் ஆனார். கூரையில்லாத நாட்டைக் கட்டியெழுப்பும் பொறுப்பு அவரைச் சேர்ந்தது.

டேவிட் கற்பித்தது காற்றைப் பற்றிய பாடம். கூரையை உறுதியாகக் கட்ட வேண்டும். சன்னலுக்குப் பலகைக் கதவு வேண்டும். புயல் வருமுன் மக்கள் கூடத் தக்க வலுவான கட்டடம் ஊர்தோறும் வேண்டும் என்பன அப்பாடத்தின் பகுதிகள். இளைய தலைமுறைக்கும் அதை மூத்தோர் சொல்லி வளர்த்தனர்.

எரிக்கா: மழை எழுப்பிய வினா

36 ஆண்டுகள் கடந்தன. 2015 ஆகஸ்டு 27ஆம் நாள் எரிக்கா வந்தது. அது கடும்புயல் என்னும் நிலையை ஒருபோதும் எட்டாத எளிய புயல். அதன் காற்று வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் அளவினதே. டேவிட்டை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு அது அஞ்சத் தக்கதாகத் தோன்றவில்லை. கூரைகள் பறக்கவில்லை. ஆனால் வானம் பிளந்தது போல் மழை கொட்டியது. மேற்குக் கரையில் உள்ள கேன்பீல்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்குள் 320 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று.

அவ்வளவு நீரைச் செங்குத்தான மலைகள் தாங்கவில்லை. மண் சரிந்தது, ஆறுகள் பாறைகளையும் வேரோடு பெயர்ந்த மரங்களையும் உருட்டிக்கொண்டு வந்தன, பாலங்கள் உடைந்தன. முதன்மை விமான நிலையம் வெள்ளத்தில் மூழ்கிச் சில வாரங்கள் மூடிக்கிடந்தது. ஏறத்தாழ 30 பேர் உயிரிழந்தனர். சேதத்தின் மதிப்பு 48 கோடியே 30 லட்சம் அமெரிக்க டாலர் எனக் கணிக்கப்பட்டது. அது அந்நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சமம். ஒரு நாட்டின் ஓராண்டு உழைப்பு ஒரு காலைப்பொழுதில் கடலில் கலந்தது எனலாம்.

மிகக் கொடிய துன்பத்தை அனுபவித்தது தென்கிழக்கில் உள்ள பெட்டிட் சவான் என்னும் சிற்றூர். நறுமண இலைகளை வடித்து எண்ணெய் எடுப்பதில் பெயர் பெற்ற ஊர் அது. மலைச்சரிவில் அமைந்த வீடுகளின் மேல் மண் சரிந்து விழுந்தது. சாலை முற்றாக அறுந்ததால் மக்களைப் படகிலும் ஹெலிகாப்டரிலும் ஏற்றி வெளியேற்ற வேண்டியதாயிற்று. அங்கு இனி வாழ்தல் தகாது என முடிவு செய்யப்பட்டு, ஊர் முழுவதும் கைவிடப்பட்டது. அம்மக்களுக்குப் பெல்வியூ சோப்பின் என்னும் இடத்தில் புதிய வீடுகள் கட்டித் தரப்பட்டன. வீடு புதிதாகக் கிடைத்தது. ஆனால் இலை பறித்த மலையும் எண்ணெய் வடித்த அடுப்பும் மூதாதையர் கல்லறையும் பழைய ஊரிலேயே தங்கிவிட்டன. உயிரைக் காப்பதற்காக ஊரை இழப்பது பேரிடர்க் கணக்கில் எந்தப் பத்தியிலும் எழுதப்படாத இழப்பாகும்.

எரிக்கா எழுப்பிய வினா யாது? புயலுக்கு ஒன்று முதல் ஐந்து வரை எண் கொடுத்து அளக்கும் முறை உலகெங்கும் பழக்கத்தில் உள்ளது. அவ்வெண் காற்றின் வேகத்தை மட்டுமே சொல்லும். எவ்வளவு மழை பெய்யும் என்பதை அது சொல்லாது. எண்ணே பெறாத ஒரு புயல், மலைநாட்டில் ஒரு பெரும்புயலுக்கு நிகரான அழிவைச் செய்யக்கூடும். மக்கள் கற்றிருந்ததோ காற்றின் பாடம். வினா வந்ததோ மழையிலிருந்து. ஆகவே எச்சரிக்கை என்பது புயலின் வலிமையை அறிவிப்பதோடு நிற்றல் கூடாது. அது எந்த ஊரில் எதைச் செய்யக்கூடும் என்பதையும் அவ்வூர் மக்களுக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும்.

மரியா: இரண்டும் சேர்ந்த இரவு

எரிக்கா உடைத்த பாலங்களைக் கட்டி முடிக்குமுன்பே மரியா வந்தது. 2017 செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் இர்மா என்னும் பெரும்புயல் வடக்கே உள்ள தீவுகளை அழித்திருந்தது. அதில் டொமினிக்கா தப்பியது. இரு வாரத்துக்குள் மரியா உருவாயிற்று. செப்டம்பர் 17ஆம் நாள் கடும்புயல் நிலையை எட்டிய அது, மறுநாளே ஐந்தாம் எண் புயலாக வளர்ந்தது. காலையில் ஓரளவு புயலுக்கு ஆயத்தம் செய்தவர்கள், இரவில் எதிர்கொண்டதோ உலகின் மிகக் கடுமையான புயல்களுள் ஒன்றை. செப்டம்பர் 18ஆம் நாள் இரவு 9.15 மணியளவில், மணிக்கு ஏறத்தாழ 265 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் மரியா கரையேறியது.

பிரதமர் ரூஸ்வெல்ட் ஸ்கெரிட் தங்கியிருந்த இல்லத்தின் கூரையும் பறந்தது. தம் கூரை போயிற்று என்றும் தாம் புயலின் பிடியில் இருப்பதாகவும் அவரே கணினி வழி உலகுக்கு அறிவித்தார். பின்னர் அவர் மீட்கப்பட்டார். அதன்பின் செய்தித் தொடர்பும் அறுந்தது. உதவி செய்ய வேண்டியவரும் உதவி பெற வேண்டியவரும் ஒருவரே என்னும் உண்மைக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேறில்லை.

பொழுது புலர்ந்தபோது பசுமைத் தீவு பழுப்பு நிறமாக மாறியிருந்தது. மரங்கள் இலையையும் கிளையையும் பட்டையையும் இழந்து நின்றன. கூரைகளுள் பத்தில் ஒன்பது சேதமுற்றன. ரோசோ மருத்துவமனையின் கூரையும் தப்பவில்லை. 31 பேர் இறந்தனர். மேலும் 34 பேர் காணாமற் போயினர். மொத்த இழப்பு ஏறத்தாழ 130 கோடி அமெரிக்க டாலர். அஃதாவது 2016ஆம் ஆண்டின் மொத்த உற்பத்தியைப் போல் 226 விழுக்காடு. ஏறத்தாழ 73,000 மக்களைக் கொண்ட நாடு, ஈராண்டுக்கும் மேலான தன் உழைப்பை ஒரே இரவில் இழந்தது.

இரு நாட்களுக்குப் பின் மரியா போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியது. 1979இல் நிகழ்ந்ததுபோலவே உலகின் பார்வை பெரிய தீவின் பக்கம் நகர்ந்தது. தொலைபேசிக் கோபுரங்கள் சாய்ந்துகிடந்த நிலையில், மீண்டும் தன்னார்வ வானொலியாளரே ஊர்களின் செய்தியைத் திரட்டி வெளியே அனுப்பினர். 38 ஆண்டுகளில் அறிவியல் எவ்வளவோ முன்னேறியிருந்தது. ஆயினும் முதல் நாளின் குரல் அதே பழைய கருவியிலிருந்தே வந்தது.

முதல் நாட்கள் யாருடையவை?

இங்கே ஒரு வினா எழுகிறது. வெளிநாட்டுக் கப்பல் வரும்வரை மக்களைக் காத்தவர் யார்? டொமினிக்காவுக்கு இராணுவம் இல்லை. 1981ஆம் ஆண்டில் அது கலைக்கப்பட்டது. சாலைகள் அடைபட்ட நிலையில் காவலரும் அவரவர் இருந்த இடத்திலேயே சிக்கிக்கொண்டனர். அந்நிலையில் ஊரைக் காத்தவர்கள் ஊராரே. அண்டை வீட்டாரே மண்ணைத் தோண்டி மக்களை மீட்டனர். வெட்டுக்கத்தி கொண்டு மரங்களை அறுத்து வழி திறந்தனர். தங்கள் ஊரின் நிலையை அறிவிக்கப் பல மணி நேரம் நடந்து தலைநகரை அடைந்தனர்.

இப்பழக்கம் அம்மக்களுக்குப் புதிதன்று. ஒருவர் வீடு கட்டவும் நிலம் திருத்தவும் ஊரார் அனைவரும் ஒரு நாள் உழைப்பைக் கூலியின்றி அளிக்கும் வழக்கத்தை அவர்கள் தங்கள் கிரியோல் மொழியில் கூட்மேன் என்பர். கைகொடுத்தல் என்பது அதன் பொருள். இயல்பான நாளில் கைகொடுத்துப் பழகிய ஊரே இடர் வந்த நாளிலும் கைகொடுத்தது. அவசர உதவி என்பது அரசு அலுவலகத்தில் எழுதி வைக்கும் திட்டம் மட்டுமன்று. ஊரின் அன்றாட வாழ்வில் வளர்த்து வைத்த வழக்கமும் ஆகும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

அடுத்து வந்த உதவி அண்டைத் தீவுகளுடையது. டேவிட் தந்த அதிர்ச்சிக்குப் பின் கரிபிய நாடுகள் தங்களுக்குள் கூட்டு ஏற்பாடு தேவை என உணர்ந்தன. 1991ஆம் ஆண்டில் பேரிடர் உதவிக்கெனக் கூட்டு நிறுவனம் ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டில் அது விரிவாக்கப்பட்டுப் புதிய பெயர் பெற்றது. அதன் தலைமையகம் பார்பேடோசில் உள்ளது. ஒரே புயல் எல்லாத் தீவுகளையும் ஒரே நாளில் அழிப்பதில்லை என்பதே இவ்வேற்பாட்டின் அடிப்படை. இன்று தப்பிய தீவு இன்று வீழ்ந்த தீவுக்குப் பொறுப்பேற்கும். நாளை முறை மாறும். பெருநாட்டில் ஒரு மாநிலம் மற்றொரு மாநிலத்துக்கு ஆற்றும் கடமையை, இங்கே ஒரு நாடு மற்றொரு நாட்டுக்கு ஆற்றுகிறது.

மரியாவுக்குப் பின், இர்மாவால் துன்புற்ற தீவுகளுக்கு உதவ வந்திருந்த பிரிட்டிஷ் கப்பல்கள் டொமினிக்காவுக்குத் திரும்பின. அண்டைத் தீவுகளிலிருந்து ஹெலிகாப்டர்களும் படகுகளும் வந்தன. பலர் தற்காலிகமாக அண்டைத் தீவுகளுக்குச் சென்றனர். பிள்ளைகள் பலர் அங்குள்ள பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். எல்லாரும் திரும்பி வந்தனர் எனச் சொல்வதற்கில்லை. 40 ஆண்டுகளாகத் தீவின் வடக்கே இயங்கி வந்த, வெளிநாட்டு மாணவர் பயிலும் மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்று நிலையாகவே பார்பேடோசுக்கு இடம் மாறியது. அதனை நம்பி வீடு வாடகைக்கு விட்டவரும் கடை வைத்தவரும் புயலால் ஒருமுறையும் அப்பிரிவால் ஒருமுறையும் இழப்புற்றனர்.

பணத்துக்கும் ஒரு கூட்டு ஏற்பாடு உண்டு. 2004ஆம் ஆண்டில் ஐவன் என்னும் புயல் கிரெனடாவின் மொத்த உற்பத்தியைப் போல் இரு மடங்கு இழப்பை விளைவித்தது. அதன்பின் கரிபிய நாடுகள் ஒன்றுகூடி 2007ஆம் ஆண்டில் கூட்டுக் காப்பீட்டு நிதி ஒன்றை நிறுவின. இடிந்த வீடுகளை எண்ணி முடிக்கும்வரை இந்நிதி காத்திருப்பதில்லை. காற்றின் வேகமும் மழையின் அளவும் குறித்த எல்லையைத் தாண்டினால் இரு வாரத்துக்குள் பணம் வழங்கப்படும். மரியாவுக்குப் பின் டொமினிக்கா இவ்வாறு ஏறத்தாழ 1 கோடியே 93 லட்சம் டாலர் பெற்றது. மொத்த இழப்போடு ஒப்பிட்டால் அது நூற்றில் இரண்டு பங்குகூட ஆகாது. ஆயினும் கையில் காசில்லாத அரசுக்கு முதல் மாதச் செலவுக்கு அது உதவியது. காலத்தினால் வந்த சிறு தொகைக்குப் பின்னால் வரும் பெருந்தொகைக்கு இல்லாத மதிப்பு உண்டு.

மீண்டும் கட்டுதல்

புயல் ஓய்ந்து ஐந்தாம் நாள், 2017 செப்டம்பர் 23ஆம் நாள், பிரதமர் ஸ்கெரிட் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் உரையாற்றினார். கடல் வெப்பமடைவதால் புயல்கள் வலுப்பெறுகின்றன. அவ்வெப்பத்துக்குக் காரணமான புகையில் சிறு தீவுகளின் பங்கு மிக அற்பம். தண்டனையோ அவற்றுக்கே முதலில் வருகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். அதனை நீதி கேட்கும் குரலாகவே கொள்ள வேண்டும். அதே வேளையில், நீதி கிடைக்கும்வரை காத்திருக்க இயலாது என்பதையும் அந்நாடு உணர்ந்திருந்தது. புயலைத் தாங்கவல்ல நாடாகத் தன்னை மாற்றிக்கொள்வதென அரசு உறுதி பூண்டு, 2018ஆம் ஆண்டில் அதற்கெனத் தனி நிறுவனம் ஒன்றை அமைத்தது.

அம்முயற்சியில் கூரையே முதலிடம் பெற்றது. காற்று கூரையை அழுத்தி உடைப்பதில்லை. அடியிலிருந்தும் மேலிருந்தும் இழுத்துத் தூக்குகிறது. ஆகவே கூரைக் கட்டைகளைச் சுவரோடு உலோகப் பட்டைகளால் பிணைத்தல், நாற்புறமும் சரிவுள்ள கூரை அமைத்தல், தாழ்வாரத்தை வெளியே நீட்டாதிருத்தல், திண்ணைக் கூரையை வீட்டுக் கூரையினின்றும் பிரித்துக் கட்டுதல் ஆகிய முறைகள் வலியுறுத்தப்பட்டன. திண்ணைக் கூரை தனித்திருந்தால், அது பறந்தாலும் வீட்டுக் கூரை தப்பும். இவை பெருஞ்செலவு தரும் புதுமைகள் அல்ல. கொத்தனும் தச்சனும் கவனத்தோடு செய்ய வேண்டிய சிறு வேலைகள்.

உணவைப் பொறுத்தும் ஒரு பழைய அறிவு மதிக்கப்பட்டது. புயல் வாழையைச் சாய்க்கும். ஆனால் மண்ணுக்கடியில் உள்ள சேம்பையும் வள்ளிக்கிழங்கையும் காற்று தொடாது. தொல்குடிகளும் அடிமை வாழ்வில் உழன்றோரும் கிழங்கை நம்பி வாழ்ந்ததில் இந்நுட்பம் அடங்கியிருக்கிறது.

பள்ளிக்கூடங்களைப் பற்றிய பாடம் ஆசிரியர்களின் சிந்தனைக்குரியது. சிறு தீவுகளில் ஊரின் வலுவான கட்டடங்கள் பள்ளியும் தேவாலயமுமே. ஆகவே அவையே அடைக்கல இல்லங்கள் ஆகின்றன. ஆனால் வீடிழந்தோர் வகுப்பறையில் தங்கியிருக்கும்வரை பள்ளி திறக்க இயலாது. பள்ளி திறவாதவரை பெற்றோர் வேலைக்குச் செல்லவும் பிள்ளைகள் அச்சம் தெளியவும் வழியில்லை. அடைக்கலமும் கல்வியும் ஒரே கூரைக்குப் போட்டியிடும் இந்நிலை, மரியாவுக்குப் பின் டொமினிக்காவில் கண்கூடாயிற்று. எத்தனை பேர் தங்கலாம் என்பதோடு, எத்தனை நாளில் அவர்களுக்கு வேறிடம் தரலாம் என்பதும் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.

வரலாறு உணர்த்துவது

டொமினிக்காவின் நிலை அத்தீவுக்கு மட்டும் உரியதன்று. 2017 செப்டம்பரில் இர்மா அழித்த பார்புடா தீவின் மக்கள் அனைவரும் அண்டையிலுள்ள ஆன்டிகுவாவுக்கு வெளியேற்றப்பட்டனர். 2024 ஜூலை முதல் நாள் பெரில் என்னும் புயல், கிரெனடாவைச் சேர்ந்த கரியாக்கு தீவில் பெரும்பாலான கட்டடங்களைச் சிதைத்தது. பருவத்தின் தொடக்கத்திலேயே அத்தகைய வலிமையோடு ஒரு புயல் வந்தது, பழைய நாட்காட்டியை இனி நம்ப இயலாது என்பதைக் காட்டியது.

இம்மூன்று புயல்களின் வரலாற்றைத் தொகுத்து நோக்குங்கால் ஓர் உண்மை புலனாகும். நினைவு நல்லது, ஆனால் ஒரே புயலின் நினைவு போதாது. டேவிட்டை மட்டும் நினைத்தவர்க்கு எரிக்கா தெரியவில்லை. எரிக்காவை நினைத்து ஆறுகளை அஞ்சியவர்க்கு மரியா காற்றையும் மீண்டும் கொண்டு வந்தது. கடந்துபோன துன்பத்தைக் கற்பது வரலாற்றின் ஒரு பாதி. வரவிருப்பது வேறு வடிவில் வரக்கூடும் எனக் கருதி ஆயத்தம் செய்வது மறுபாதி.

மற்றோர் உண்மையும் உண்டு. எந்த நாட்டிலிருந்து எத்தனை கப்பல் வரும் என்பது சிறு தீவின் ஆயத்தத்துக்கு அளவுகோலாகாது. கப்பல் வரும், ஆனால் முதல் நாளில் வாராது. அதுவரை ஓர் ஊர், தன்னிடமுள்ள நீரையும் கிழங்கையும் மருந்தையும் வெட்டுக்கத்தியையும் சிறு வானொலியையும் கொண்டு எத்தனை நாள் தனித்து நிற்கும் என்பதே உண்மையான அளவுகோல். அவ்வளவுகோலில் ஒரு நாள் கூடினாலும் அது சில உயிர்களைக் காக்கும். ரோசோவின் பூங்காவில் நசுங்கிய பேருந்தையும் துளிர்த்த மரத்தையும் காணும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அத்தீவின் ஆசிரியர்கள் கற்பிக்க வேண்டிய முதற்கணக்கு அதுவே.